கப்பிலிருந்து கிராமுக்கு

எங்கள் குசினி அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எண்ணெய் பட்டு மஞ்சளாகிவிட்டது. ஓரத்து டேப்பை இரண்டு தரம் மாற்றியாயிற்று. மா, சீனி, பட்டர், கொக்கோ என்று சாமான்களின் பெயரும், பக்கத்தில் ஒரு கப்புக்கு எத்தனை கிராம் என்ற இலக்கமும்தான் அதில் இருக்கிறது. என்னிடம் கேக் பழக வருகிற பிள்ளைகள் முதல் நாளே அதை ஃபோனில் படம் எடுப்பார்கள். எடுக்கட்டும். ஆனால் அந்த இலக்கங்கள் எப்படி வந்தன என்று தெரியாமல் கொண்டுபோனால் பாதிப் பயன்தான். மிச்சப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே ஓடர் எடுத்துக் கேக் செய்கிறேன். என் கொப்பியில் ஊர்ப்பட்ட அளவுகள் கலந்து கிடந்தன. அம்மாவின் கையெழுத்தில் இருப்பவை றாத்தலிலும் அவுன்ஸிலும் பால்பேணியிலும். ரொறன்ரோ மச்சாள் வாட்ஸ்அப்பில் அனுப்பியவை அமெரிக்கக் கப்பில். மெல்போர்ண் சித்தி சொன்னவை அவுஸ்திரேலியக் கப்பில். நான் புறக்கோட்டையில் வாங்கிய ஒரேயொரு பிளாஸ்டிக் கப் செட்டை வைத்து இவை எல்லாவற்றையும் அளந்தேன். சில நாள் கேக் பஞ்சு மாதிரி வரும், சில நாள் கல்லாகும். ஓவனைக் குறை சொன்னேன், முட்டையைக் குறை சொன்னேன்.

பிறகு ஒரு பிறந்தநாள் ஓடர். மூன்று கப் மா சேரும் சொக்லேட் கேக். அவசரத்தில் கப்பை நேரே மாப் பைக்குள் விட்டு அள்ளி, மேலே வழித்துப் போட்டேன். கேக் நடுவில் வெடித்து எழும்பியது, வெட்டினால் உதிர்ந்தது. அந்தத் தாய் ஒன்றும் கடிந்து பேசவில்லை, "கொஞ்சம் காய்ந்துபோச்சு" என்று மட்டும் சொன்னார். எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. அடுத்த நாள் கடன் வாங்கிய தராசு ஒன்றில் அதே மாதிரி அள்ளி நிறுத்துப் பார்த்தேன். ஒரு கப் 145 கிராம். கரண்டியால் மெதுவாகக் கப்பில் போட்டு வழித்தபோது 125. மூன்று கப்புக்கு வித்தியாசம் 60 கிராம், கிட்டத்தட்ட அரைக் கப் மா. கேக்கைக் காய வைத்தது அந்த 60 கிராம்தான்.

அதனால் "ஒரு கப் மா எத்தனை கிராம், அக்கா?" என்று யாராவது கேட்டால் நான் உடனே இலக்கம் சொல்வதில்லை. இரண்டு கேள்வி திருப்பிக் கேட்பேன். அது யாருடைய கப்? மாவை அதற்குள் எப்படிப் போட்டார்கள்?

முதலாவது கேள்வியைப் பார்ப்போம். அமெரிக்கக் கப் ஏறக்குறைய 237 மில்லிலீற்றர். பலர் 240 என்றே எடுப்பார்கள், அதில் பெரிய சேதம் இல்லை. அவுஸ்திரேலியாவில் 250. கனடாவிலும் மெற்றிக் கப் 250தான், ஆனால் அங்கே புழங்கும் ரெசிப்பிகளில் நிறைய அமெரிக்காவிலிருந்து வந்தவை, அதனால் மச்சாளிடம் "உன் கப்பில் என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டே விட்டேன். ஜப்பான் கப் 200. பழைய இங்கிலாந்துப் புத்தகங்களில் வருகிற கப் அரைப் பைந்து, அதாவது 284. எல்லாவற்றுக்கும் பெயர் "கப்"தான்.

ஒரு ரெசிப்பி முழுக்க ஒரே கப்பில் இருந்தால் இந்த வித்தியாசம் அவ்வளவு உறைக்காது, எல்லாம் சேர்ந்து கூடும், சேர்ந்து குறையும். முட்டையும் பேக்கிங் பவுடரும் கப்பில் வருவதில்லை அல்லவா, அங்கேதான் பிடி நழுவும். அதைவிட மோசம் மேசைக்கரண்டி. மற்ற இடங்களில் அது 15 மில்லிலீற்றர், மூன்று தேக்கரண்டி. அவுஸ்திரேலியாவில் 20 மில்லிலீற்றர், நான்கு தேக்கரண்டி. சித்தியின் ஸ்கோன் ரெசிப்பியில் பேக்கிங் பவுடர் ஒரு மேசைக்கரண்டி. நான் இங்குள்ள கரண்டியால் போட்டு, ஏன் எழும்பவில்லை என்று மாதக்கணக்காக யோசித்திருக்கிறேன்.

உங்களிடம் இருக்கும் கப் உண்மையில் எவ்வளவு பிடிக்கிறது என்று பார்ப்பது மிகச் சுலபம். காய்ந்த கப்பைத் தராசில் வைத்து இலக்கத்தைச் சைபர் ஆக்குங்கள். விளிம்பு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீரில் ஒரு மில்லிலீற்றர் ஒரு கிராம், அதனால் தராசு காட்டுவதே கப்பின் கொள்ளளவு. எனது பழைய செட்டில் ஒரு கப்பில் 250 என்று அச்சடித்திருந்தது, பிடித்ததோ 228. அதை இப்போது அரிசி அள்ள வைத்திருக்கிறேன்.

தண்ணீருக்கு ஒன்றுக்கு ஒன்று என்பதைப் பிடித்துக்கொண்டு எல்லாச் சாமானுக்கும் அப்படியே போடக் கூடாது. மேல்மாடித் தங்கச்சி ஒருத்தி, ஒரு கப் 240 என்று எங்கோ வாசித்துவிட்டு, இரண்டு கப் மாவுக்கு 480 கிராம் நிறுத்துப் போட்டாள். கிட்டத்தட்ட இரட்டிப்பு மா. மில்லிலீற்றர் இடத்தின் அளவு, கிராம் பாரம். மாவுக்குள் காற்று இருக்கிறது, தேனுக்குள் இல்லை. ஒரே கப்பில் மா 125 கிராம், தேன் 340. ஒவ்வொரு சாமானுக்கும் தனி இலக்கம் வேண்டும் என்பது இதனால்தான்.

இனி இரண்டாவது கேள்வி. இது முக்கியமாக மாவைப் பற்றியது. அரிதட்டால் அரித்த மாவை அப்படியே கப்பில் விழவிட்டால் 110 கிராம் அளவில் நிற்கும். கரண்டியால் போட்டு வழித்தால் 120இலிருந்து 125. பைக்குள் விட்டு அள்ளினால் 140, 150 கூட வரும். கப்பை மேசையில் தட்டித் தட்டி நிரப்புபவர்களுக்கு இன்னும் கூடும். ரெசிப்பி எழுதியவர் எதைச் செய்தார் என்பதை அவருடைய சொல்லே சில வேளை காட்டிக்கொடுக்கும். "அரித்த மா இரண்டு கப்" என்றால் அரித்த பிறகு அளந்தது. "மா இரண்டு கப், அரித்து வைக்கவும்" என்றால் அளந்த பிறகு அரித்தது. இரண்டுக்கும் இடையில் 30 கிராம் போகலாம். ஒரு சொல் எங்கே நிற்கிறது என்பதில் அவ்வளவு இருக்கிறது. ஒன்றும் சொல்லாவிட்டால் நான் 125இல் தொடங்குவேன். முதல் தரம் கேக் இறுகினால் அடுத்த தரம் 120. கலவை தண்ணியாக நின்றால் எழுதியவர் அள்ளுகிற கை என்று எடுத்துக்கொண்டு 135க்குப் போவேன்.

நான் சொல்வது பச்சைக் கோதுமை மா. இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் அவித்து அரித்து வைத்திருக்கும் மாவைக் கேக்குக்கு எடுக்காதீர்கள், அதன் பாரமும் வேறு, அது தண்ணீரைக் குடிக்கிற விதமும் வேறு.

சரி, தாளில் உள்ள மற்ற இலக்கங்கள். எல்லாம் 240 மில்லிலீற்றர் அமெரிக்கக் கப்புக்கு. வெள்ளைச் சீனி 200 கிராம். சீனி மா மாதிரி அமராது, அதனால் யார் அளந்தாலும் பெரிதாக மாறாது. பிரவுண் சீனி அப்படியல்ல. அமர்த்தி நிரப்பினால் 220, அமர்த்தாமல் விட்டால் 150க்குப் பக்கம். அமெரிக்க ரெசிப்பியில் பிரவுண் சீனி என்றால் அமர்த்தியதுதான் வழக்கம், சொல்லாவிட்டாலும். கொழும்பு ஈரக்காற்றில் அது கட்டி பட்டு நிற்கும்போது கப்பால் அளப்பதே வீண். கட்டியோடு நிறுத்துவிட்டுப் பிறகு உதிர்க்கலாம், பாரம் பாரம்தான். ஐசிங் சீனி 120. கொக்கோ 85, ஆனால் அதுவும் மா மாதிரி அமரும் சாமான், ஆகவே கரண்டியால் போட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சோளமா 120 அளவில். ரவை 165. ஓட்ஸ் 90. பட்டர் 227. பால் 245, எண்ணெய் 218. ரின்பால் 305. உலர்ந்த தேங்காய்ப்பூ 85.

கித்துள் பாணிக்குத் தாளில் இலக்கம் இல்லை. ஒரு போத்தல் தண்ணியாக ஓடும், அடுத்தது கரண்டியை விட்டு இறங்காது. காய்ச்சிய பதத்தைப் பொறுத்தது. அதை ஒவ்வொரு தரமும் ஒரு கப் அளந்து நிறுத்துக் குறித்துக்கொள்கிறேன். கஜுவும் பிளம்ஸும் வெட்டும் அளவைப் பொறுத்து மாறும், இருபது கிராம் கூடினாலும் குறைந்தாலும் கேக்குக்கு ஒன்றும் ஆகாது, அங்கே மண்டையை உடைக்க வேண்டாம்.

250 மில்லிலீற்றர் கப் என்றால் இந்த இலக்கங்களோடு நூற்றுக்கு நான்கு சேர்த்துவிடுங்கள். மா 130, சீனி 208, பட்டர் 236. அவ்வளவுதான் கணக்கு.

அம்மாவின் கொப்பிதான் எனக்கு அதிக வேலை வைத்தது. அதில் பாதிக் கேக்குகளுக்கு அளவு "பால்பேணி". ரின்பால் முடிந்த பேணியைக் கழுவி வைத்து அளந்த காலம். அந்தப் பேணி ஒன்று இன்னும் வீட்டில் இருந்தது என் அதிர்ஷ்டம். தண்ணீர் ஊற்றி நிறுத்தேன், 310 கிராம் பிடித்தது. கணக்குப்படி பார்த்தால் அதில் மா 160 சொச்சம் வர வேண்டும். ஆனால் அம்மாவைக் கூப்பிட்டு, "எப்போதும் போல அளந்து தாங்கோ" என்றேன். அவர் பேணியை நிரப்பி, பலகையில் மூன்று தட்டுத் தட்டி, மேலே இன்னும் கொஞ்சம் போட்டு வழித்தார். தராசில் 205. கணக்கு எழுதிய 160ஐ நம்பியிருந்தால் அவருடைய கேக் எனக்கு ஒருநாளும் வந்திருக்காது. வீட்டில் பெரியவர்கள் கையால் செய்யும் பண்டம் எதுவாக இருந்தாலும், அவர்கள் அளக்கும்போது கீழே தராசை வையுங்கள். பேணிக்குள் எவ்வளவு போகிறது என்பதை அந்தக் கைதான் தீர்மானிக்கிறது. அதை இப்போதே எழுதிவைத்துவிட வேண்டும்.

றாத்தலும் அவுன்ஸும் அவ்வளவு கஷ்டமில்லை, ஏனென்றால் அவை ஏற்கெனவே பாரம். ஒரு றாத்தல் 454 கிராம், ஒரு அவுன்ஸ் 28. நாங்கள் இன்றைக்கும் ஒரு றாத்தல் பாண் என்று கேட்டு வாங்குவது அந்த 450 கிராம்தானே. அம்மாவின் பட்டர் கேக் ஒரு றாத்தல் பட்டர், ஒரு றாத்தல் சீனி, ஒரு றாத்தல் மா, பத்து முட்டை. இதில் ஒரு பொறி இருக்கிறது. "பட்டர் இரண்டு பெட்டி" என்று எழுதியிருந்தால் அது அரை றாத்தல் பெட்டி, ஒன்று 227 கிராம். இப்போது கடையில் 200 கிராம் பெட்டியும் வருகிறது. பார்க்காமல் இரண்டு எடுத்தால் 54 கிராம் குறையும். அமெரிக்க ரெசிப்பியில் "ஸ்டிக்" என்று வந்தால் 113 கிராம், அரைக் கப்.

அவுன்ஸில் இன்னொரு குழப்பம். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் போத்தலில் இருக்கும் அவுன்ஸ் இடத்தின் அளவு, ஏறக்குறைய 30 மில்லிலீற்றர். மாவுக்கு எழுதிய அவுன்ஸ் பாரம். "8 அவுன்ஸ் மா" என்றால் 227 கிராம். போத்தல் கணக்கில் 8 அவுன்ஸ் ஒரு கப் என்று நினைத்து ஒரு கப் போட்டால் 125தான் விழும்.

தராசைப் பற்றி. ஐந்து கிலோ வரை நிறுக்கும், ஒரு கிராம் காட்டும் சாதாரண டிஜிட்டல் தராசு போதும். கடினமான தட்டையான இடத்தில் வையுங்கள், மேசைத்துணியின் மேல் அல்ல. மேலே ஃபேன் ஓடினால் இலக்கம் நிற்காமல் ஆடும். வேர்த்தாலும் பரவாயில்லை, நிறுக்கும் நேரம் நிறுத்திவிடுங்கள். எங்கள் வீட்டுக்கு இன்னொரு தொல்லை, கரையோரக் கோச்சி போகும்போது மேசையே அதிரும். கோச்சி கடந்த பிறகுதான் நான் இலக்கத்தை வாசிப்பேன். தராசு சரியா என்று பார்க்க, உடைக்காத ஒரு கிலோ சீனிப் பக்கெட்டை வையுங்கள். பையின் பாரமும் சேர்வதால் ஆயிரத்துக்குச் சில கிராம் மேலே காட்ட வேண்டும். 960 காட்டினால் முதலில் பற்றரியை மாற்றிப் பாருங்கள்.

பாத்திரத்தை வைத்துச் சைபர் ஆக்கி, மா போட்டு, மறுபடி சைபர் ஆக்கி, சீனி போட்டு என்று ஒரே பாத்திரத்தில் போகலாம். கழுவ வேண்டிய சாமான் குறையும், அது எனக்கு மிகப் பிடித்த விஷயம். ஆனால் பழகும் வரைக்கும் தனித்தனிக் கிண்ணத்தில் நிறுத்து வையுங்கள். மாவுக்குள் கூடிப்போன கொக்கோவை எப்படித் திருப்பி எடுப்பது?

பேக்கிங் பவுடர், அப்பச்சோடா, உப்பு, ஈஸ்ட் இவற்றைக் கரண்டியிலேயே விடுங்கள். ஒரு கிராம் தராசு மூன்று நான்கு கிராமை நம்பிக்கையாகக் காட்டாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் சில தராசுகள் அசையவே அசையாது. பத்து மடங்கு செய்யும்போது மட்டும் நிறுங்கள். ஒரு மட்டத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் 4 கிராமுக்கு மேல், அப்பச்சோடா 5 கிராம் அளவில், தூள் உப்பு 6 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம்.

ஒரு ரெசிப்பியை நான் மாற்றும் விதத்தைக் காட்டுகிறேன். மச்சாளின் வாழைப்பழக் கேக். மா 2 கப், சீனி முக்கால் கப், பட்டர் அரைக் கப், மசித்த பழம் 1 கப், முட்டை 2, அப்பச்சோடா 1 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. முதலில் தாளின் மேலே "ரொறன்ரோ, கப் 240, கரண்டியால் போட்டது" என்று எழுதினேன். மச்சாளிடம் கேட்டுத்தான் எழுதினேன். பிறகு மா 250 கிராம், சீனி 150, பட்டர் 113. பட்டருக்கு 115 என்றே எழுதினேன், இரண்டு கிராமுக்காக யாரும் கத்தி எடுக்கத் தேவையில்லை. பழம் மசித்தால் ஒரு கப் 225 அளவில் வரும். "மூன்று வாழைப்பழம்" என்று ரெசிப்பிகளில் வருவதை நம்ப வேண்டாம். அங்கே வாங்கும் பெரிய பழம் வேறு, இங்குள்ள கோழிக்கூட்டும் கதலியும் வேறு. தோலை உரித்துவிட்டு 225 நிறுத்தால் எந்தப் பழமானாலும் கேக் ஒன்றாகவே வரும். சோடாவும் உப்பும் கரண்டியிலேயே நின்றன.

முட்டைக்கு அமெரிக்க ரெசிப்பிகள் நினைப்பது ஓடு நீங்கி 50 கிராம். நம் கடை முட்டை ஒரு தட்டிலேயே சிறிதும் பெரிதுமாக இருக்கும். இரண்டு முட்டைக் கேக்குக்கு நான் பார்ப்பதில்லை. பத்து முட்டை போகும் பட்டர் கேக்குக்கு உடைத்து நிறுப்பேன், 500 கிராம் வர வேண்டும். ஒரு தரம் பத்து முட்டையும் சேர்ந்து 430தான் வந்தது. இன்னொன்றரை முட்டை போட வேண்டியிருந்தது. அரை முட்டை என்றால் ஒன்றை அடித்து 25 கிராம் ஊற்றிக்கொள்ளலாம். கப் அளவில் இருக்கும்வரை ரெசிப்பியை ஒன்றரை மடங்காக்குவது தலையிடி. கிராமில் வந்துவிட்டால் ஃபோன் கல்குலேட்டரில் அரை நிமிடம்.

மாற்றிய இலக்கங்களை முதலில் பென்சிலால் எழுதுங்கள். செய்து, சாப்பிட்டு, மாவில் ஐந்து கூட்டி, சீனியில் பத்துக் குறைத்து, மறுபடி செய்து பாருங்கள். இரண்டு தரம் ஒரே மாதிரி வந்த பிறகு நான் பேனாவால் எழுதி, பக்கத்தில் திகதியும் தட்டின் அளவும் போடுவேன். அம்மாவின் பக்கங்களை மட்டும் அழிக்கவில்லை. "2 பேணி மா" என்று அவர் எழுதியிருக்கும் வரிக்கு எதிரே, ஓரத்தில், நீல மையில் 410 கிராம் என்று எழுதியிருக்கிறேன்.